முலாம் பூசுவோர் தெருவில் ஐந்து இரவுகள்

லிஸ்பன் நகரின் நடுவே பைஷா என்று அழைக்கப்படும் தாழ்ந்த பகுதியில் ருவா தோஸ் தோராதோரெஸ் என்றொரு ஒடுங்கிய தெரு இருக்கிறது. முலாம் பூசுவோர் தெரு என்று பொருள். பெர்னாண்டோ பெஸோவாவை வாசித்த நண்பர்களுக்கு இந்தப் பெயர் நினைவிருக்கும். அவர் உருவாக்கிய பெர்னார்டோ ஸோரெஸ் என்னும் உதவிக் கணக்கர் பேரேட்டின் மீது குனிந்தபடி பகலைக் கழித்ததும், வாடகை அறையில் இரவைக் கழித்ததும் இந்தத் தெருவில்தான். பெஸோவா 1935இல் இறந்தார். ஸோரெஸின் குறிப்புகள் புத்தகமானது 1982இல்.

இலக்கிய ஈடுபாட்டினால் இந்தத் தெருவைத் தேடிப்போய்த் தங்கினேன் என்று எழுத ஆசைதான். உண்மை வேறு. எங்கள் நிறுவனம் அனுமதித்த தொகைக்குள் கிடைத்த அறை அங்கே இருந்தது, அவ்வளவே. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பிளாஸ்டிக் பாகங்கள் செய்யும் ஒரு சிறு தொழிற்சாலையில் நான் வேலை பார்க்கிறேன். எங்களுக்கான மோல்டு ஒன்று போர்ச்சுகலில் தயாராகிக்கொண்டிருந்தது. லிஸ்பனுக்கு வடக்கே சுமார் 150 கிலோமீட்டரில் மரீன்யா கிராந்தே என்ற ஊர். பதினெட்டாம் நூற்றாண்டிலிருந்து கண்ணாடித் தொழிலுக்குப் பேர்பெற்றது. கண்ணாடிக்கு அச்சு செதுக்கிய கைகள் பின்னர் பிளாஸ்டிக்குக்கு அச்சு செதுக்கின. இன்று உலகெங்குமிருந்து ஆட்கள் அங்கே மோல்டு வாங்கப் போகிறார்கள். ஒரே நாள் வேலை என்றுதான் 2024 அக்டோபர் 30ஆம் தேதி மாலை போய் இறங்கினேன். மறுநாள் சோதனை ஓட்டத்தில் விளிம்பில் பிசிறு வந்தது. சரிசெய்துவிடுகிறோம், திங்கட்கிழமை வாருங்கள் என்றார்கள். வெள்ளிக்கிழமை நவம்பர் 1, புனிதர் அனைவர் திருநாள், நாடு முழுவதும் விடுமுறை. அதையடுத்து சனி, ஞாயிறு. ஓர் இரவுக்கென்று போனவன் ஐந்து இரவுகள் அங்கே தங்க நேர்ந்தது இப்படித்தான். அந்த அக்டோபர் 31 நமக்குத் தீபாவளி.

விடுதி ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாவது, நான்காவது மாடிகளை மட்டும் எடுத்துக்கொண்டிருந்தது. தரைத்தளத்தில் பொத்தானும் நூலும் விற்கும் கடை. மின்தூக்கி கிடையாது. மரப்படிகள் நடுவில் தேய்ந்து குழிந்திருந்தன. பெட்டியைத் தூக்கிக்கொண்டு மூன்றாவது மாடி ஏறி, மூச்சு வாங்க, அழைப்புமணியை அழுத்தினேன். எழுபதை நெருங்கும் ஒருவர் திறந்தார். சாம்பல்நிறக் கம்பளிச் சட்டை, மூக்கின் நுனியில் கண்ணாடி. அவருக்குப் பின்னால் சுவரில் ஒரு மரப்பலகை. அதில் வரிசையாக ஆணிகள், ஆணிகளில் சாவிகள், ஒவ்வொன்றிலும் எண் பொறித்த பித்தளை வில்லை.

அந்தப் பலகையைப் பார்த்ததும் ஏதோ ஒன்று என்னை நிறுத்தியது. ஆனால் களைப்பில் அதைத் தொடர்ந்து யோசிக்கவில்லை.

அவர் கடவுச்சீட்டை வாங்கிக்கொண்டு பெரிய பதிவேட்டைத் திறந்தார். கணினி ஒன்று ஓரத்தில் இருந்தது, அதிலும் பின்னர் தட்டினார். ஆனால் முதலில் பேரேடுதான். அவருக்குத் தெரிந்த ஆங்கிலம் ஐம்பது சொற்கள் இருக்கலாம். முகவரியைக் கேட்டார். சொன்னேன். அம்பத்தூர் என்பதை எழுத்து எழுத்தாகக் கூட்டச் சொன்னார். ஒவ்வோர் எழுத்தையும் அவசரமின்றி, சற்றே சாய்ந்த அழகான கையெழுத்தில் எழுதினார். கதவு எண்ணைச் சொல்லும்போது என் குரல் மாறியதை அவர் கவனித்திருக்க வாய்ப்பில்லை.

அதே முகவரியை அதேபோன்ற ஒரு மேசைக்கு முன்னால் நின்று நான் முன்பொரு முறை சொல்லியிருக்கிறேன்.

*

என் அப்பா ஆவடியில் ஒரு லாட்ஜில் இரவுநேர எழுத்தராக இருந்தார். 1979 முதல் 2008 வரை. பதினாறு அறைகள். டாங்கித் தொழிற்சாலையின் தேர்வுகளுக்கு வரும் இளைஞர்கள், படையில் புதிதாகச் சேர்ந்த மகனைப் பார்க்கத் தென்மாவட்டங்களிலிருந்து வரும் பெற்றோர், பூந்தமல்லி நீதிமன்றத்தில் வழக்கு உள்ளவர்கள், இப்படித்தான் அங்கே தங்குவார்கள். இரவுச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு அப்பா அம்பத்தூரில் மின்சார ரயில் ஏறுவார். திருமுல்லைவாயில், அண்ணனூர், அடுத்தது ஆவடி. விடியற்காலை முதல் ரயிலில் திரும்புவார். நான் பள்ளிக்குக் கிளம்பும்போது அவர் கூடத்தில் கண்களின் மேல் துண்டைப் போட்டுக்கொண்டு தூங்கிக்கொண்டிருப்பார். பள்ளிப் படிவங்களில் தந்தையின் தொழில் என்ற இடத்தில் நான் 'மேலாளர்' என்று எழுதினேன். லாட்ஜ் என்ற சொல்லுக்கு அன்றைய நம் சினிமாக்கள் தந்திருந்த நிறம் அப்படி. வகுப்பில் ஒருவன் அறிந்தால் போதும், என்ன சிரிப்பு எழும் என்று எனக்குத் தெரியும்.

1996 ஜூன் மாதம் சென்னையில் பெய்த பெருமழையைப் பலர் மறந்திருக்க மாட்டார்கள். பட்டாபிராமில் கல்லூரி நண்பன் ஒருவனின் வீட்டுக்கு நாங்கள் ஐந்து பேர் போயிருந்தோம். திரும்பும்போது ரயில் நின்றுவிட்டது. முழங்கால் தண்ணீரில் ஆவடி வரை நடந்தோம். இருட்டிவிட்டது. "இங்க ஒரு லாட்ஜ் இருக்குடா" என்று ஒருவன் முன்னால் நடந்தான். அது எந்த லாட்ஜ் என்று தெரிந்தும் நான் பின்னாலேயே போனேன். வேறு என்ன சொல்லித் தடுப்பது?

மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அப்பா உட்கார்ந்திருந்தார். எங்களை நிமிர்ந்து பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்த்தேன். அந்த ஒரு நொடியில் அவர் எல்லாவற்றையும் புரிந்துகொண்டிருக்க வேண்டும்.

"எத்தனை பேரு சார்?" என்று கேட்டார்.

பேரேட்டைத் திறந்து ஒவ்வொருவராகப் பெயர், ஊர், வந்த நோக்கம் கேட்டு எழுதினார். கடைசியாக என் முறை. "உங்க அட்ரஸ் சார்?" நான் சொன்னேன். கதவு எண், தெரு, அம்பத்தூர். அவர் தம் சொந்த வீட்டு முகவரியை, முதன்முறை கேட்பவரைப்போல, நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார். தெருப்பெயரை எழுதி முடித்துவிட்டு, "அஞ்சல் எண்?" என்று கேட்டார். அதையும் சொன்னேன். பிறகு பேரேட்டைத் திருப்பி வைத்து, கையெழுத்துப் போடும் இடத்தை விரலால் காட்டினார்.

நள்ளிரவுக்குப் பின் கதவு தட்டப்பட்டது. உலர்ந்த துண்டுகள் ஐந்தைக் கையில் அடுக்கிக்கொண்டு நின்றார். மற்றவர்கள் தூங்கியிருந்தார்கள். அப்போதாவது நான் அப்பா என்று கூப்பிட்டிருக்கலாம். துண்டை வாங்கிக்கொண்டு "தேங்க்ஸ்" என்றேன். "தலையை நல்லா துவட்டிக்கோங்க" என்றுவிட்டுப் படி இறங்கிப் போனார்.

இதைப் பற்றி நாங்கள் ஒருபோதும் பேசியதில்லை. 2011இல் அவர் இறந்தார். லாட்ஜை இடித்துக் கடைகள் கட்டிவிட்டார்கள். அந்தப் பேரேடுகள் பழைய பேப்பர்காரரிடம் போயிருக்கும்.

*

வெள்ளிக்கிழமை காலை நகரெங்கும் மணியோசை. 1755ஆம் ஆண்டின் இதே நவம்பர் 1ஆம் தேதி காலையில்தான் லிஸ்பன் இடிந்தது. திருநாள் என்பதால் தேவாலயங்கள் நிறைந்திருந்தன, மெழுகுவர்த்திகள் எரிந்தன. நிலநடுக்கம், பின்னர் கடல், பின்னர் நாட்கணக்கில் தீ. பைஷா முழுவதும் அதன்பின் பொம்பால் பிரபுவின் மேற்பார்வையில் புதிதாக எழுந்தது. நேர்கோட்டுத் தெருக்கள், ஒரே உயரக் கட்டடங்கள், தொழில்களின் பெயர் சூட்டிய வீதிகள். சுவர்களுக்குள் குறுக்கும் நெடுக்குமாக மரச்சட்டங்களைப் பின்னி வைத்திருக்கிறார்கள். நிலம் அசைந்தால் கட்டடம் வளைந்துகொடுக்குமே தவிர இடியாது. அதற்குக் காயோலா, அதாவது கூண்டு என்று பெயர். மாதிரிக் கூண்டு ஒன்றைக் கட்டி, அதைச் சுற்றிப் படைவீரர்களை ஓங்கி மிதித்து நடக்கச் செய்து சோதித்தார்கள் என்று சொல்வார்கள். தரக்கட்டுப்பாட்டில் இருபது வருடம் கழித்த எனக்கு இந்தக் கதை மிகவும் பிடித்திருக்கிறது.

தெருமுனைகளில் செஸ்நட் கொட்டைகளை வறுக்கும் வண்டிகளிலிருந்து புகை எழுந்து வீதியெல்லாம் பரவியது. தீபாவளிக்கு மறுநாள் காலையில் அம்பத்தூர் இப்படித்தான் புகைமூட்டமாக இருக்கும்.

அச்சேறிய முதல் தமிழ் நூலும் இந்த ஊரில்தான் பிறந்தது. 1554இல் வெளிவந்த 'கார்த்தில்யா'. தமிழைப் போர்ச்சுகீசியத்தோடு சேர்த்து ரோமன் எழுத்துகளில் அடித்திருக்கிறார்கள். தமிழ் எழுத்துகள் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' வழியாக அச்சேற 1578 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கார்த்தில்யாவின் படியைப் பார்க்க முடியுமா என்று விசாரித்தேன். இத்தகைய நூல்களுக்கு முன்கூட்டியே எழுதி அனுமதி பெறவேண்டும். விடுமுறை நாளில் வந்து நின்று கேட்டது என் அறியாமை. அந்த நூலின் மொழிபெயர்ப்பில் உழைத்த தமிழர் மூவரின் பெயர்கள் கிடைக்கின்றன: வின்சென்ட் த நசரேத், ஜோர்ஜ் கார்வாலோ, தோமா த குரூஸ். மூன்றும் ஞானஸ்நானத்தில் பெற்ற பெயர்கள். வீட்டில் அவர்களை என்ன பெயர் சொல்லி அழைத்தார்கள் என்பது எந்தப் பேரேட்டிலும் இல்லை. லாட்ஜில் தங்குகிறவர்களில் பலர் தங்கள் பெயரைச் சொல்லமாட்டார்கள் என்று அப்பா அம்மாவிடம் சொல்லக் கேட்டிருக்கிறேன். "சொல்ற பேர எழுதிக்கணும், அவ்ளோதான்" என்பார்.

*

சனிக்கிழமை இரவு மூன்று மணிக்கு விழிப்பு வந்தது. தண்ணீர் கேட்கும் சாக்கில் கீழ்மாடிக்கு இறங்கினேன். பெரியவர் விழித்திருந்தார். வானொலி கேட்கும் கேட்காத அளவில் ஓடியது. மேசைமேல் பாதி குடித்த காபி. எதிரே இருந்த இருக்கையைக் காட்டினார். உட்கார்ந்தேன்.

பேச மொழி இல்லை. ஊரிலிருந்து கொண்டுபோன முறுக்கை எடுத்துவந்து கொடுத்தேன். கடித்துப் பார்த்துத் தலையசைத்தார். பிறகு, எப்படித் தொடங்கியது என்று நினைவில்லை, நான் பலகையைக் காட்டி "சாவி" என்றேன். அவர் புருவம் உயர்ந்தது. "ஷாவ்" என்றார். பழைய போர்ச்சுகீசியத்தில் அந்த முதலெழுத்தை அழுத்தமான 'ச்ச' ஒலியோடுதான் சொன்னார்கள். அந்தப் பழைய ஒலியோடு சொல் நம்மிடம் வந்துசேர்ந்தது. அங்கே ஒலி தேய்ந்துவிட்டது. ஜன்னலைக் காட்டினேன். "ஜனேலா." மேசையைத் தட்டினேன். "மேஸா." அலமாரி என்றேன், "அர்மாரியோ" என்றார். பெரியவருக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. எழுந்துநின்று தாம் உட்கார்ந்திருந்த நாற்காலியைத் தொட்டு "கதேய்ரா" என்றார். நான் கையை விரித்தேன். ஈழத்து நண்பர்கள் கதிரை என்பது இதைத்தான் என்று ஊர் திரும்பிய பிறகே உறைத்தது. அவர்களுடைய சப்பாத்தும் இங்கிருந்து போனதுதான். அடுத்த தெருக்களில் ஒன்றின் பெயரே சப்பாத்தியர், அதாவது செருப்பு தைப்போர் தெரு.

அந்த அறையில் இருந்த பொருள்களில் பாதிக்கு எங்கள் இருவரிடமும் ஒரே பெயர் இருந்தது. மொழியியல் அறிந்தவர்களுக்கு இது பழைய செய்தி. எனக்கும் தெரிந்த செய்திதான். ஆனால் அதிகாலை மூன்று மணிக்கு, விழித்திருப்பதையே வேலையாகக் கொண்ட ஒருவருக்கு எதிரே உட்கார்ந்திருக்கையில் அது வேறாக இருந்தது. அப்பாவின் மேசைக்கு எதிரே நான் இப்படி ஓர் இரவும் உட்கார்ந்ததில்லை. அவர் வானொலி கேட்டாரா, புத்தகம் படித்தாரா, காபி குடித்தாரா, தெரியாது. இருபத்தொன்பது ஆண்டுகள் அந்த நேரங்களில் அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று ஒருமுறைகூடக் கேட்டதில்லை. தீபாவளி இரவுகளிலும் அவரே போனார். உடன் வேலை பார்த்த மற்ற இருவரும் வெளியூர்க்காரர்கள், ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள். நாங்கள் விடிகாலையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு அவர் வரும் ரயிலுக்காகக் காத்திருப்போம். அவர் வந்த பிறகுதான் முதல் வெடி. அதுகூட அம்மாவின் பிடிவாதம். எனக்கு அந்தக் காத்திருப்பு எரிச்சலாக மட்டுமே இருந்தது.

மேலே யாரோ இருமினார்கள். பெரியவர் பேச்சை நிறுத்தித் தலையைச் சற்றுச் சாய்த்துக் கேட்டார். இருமல் அடங்கியது. மறுபடி என் பக்கம் திரும்பினார்.

அப்பாவைப் பற்றி அவரிடம் சொல்ல விரும்பினேன். சாவிப்பலகையைக் காட்டி, என் நெஞ்சைத் தொட்டு, "மை ஃபாதர்" என்றேன். அவருக்கு என்ன விளங்கியதோ. சிறிது நேரம் என்னைப் பார்த்தார். பிறகு எழுந்துபோய் உள்ளிருந்து இன்னொரு கோப்பையில் காபி கொண்டுவந்து வைத்தார்.

ஞாயிறு இரவு பதினொரு மணிக்கு அம்மா கூப்பிட்டாள். அம்பத்தூரில் அப்போது விடிகாலை நான்கரை. முதல் ரயிலுக்கு எழுந்து பழகிய உடம்பு, இத்தனை ஆண்டுகளாகியும் அந்த நேரத்திற்கு விழித்துவிடுகிறது. நாளைக்கு வேலை முடிந்துவிடும், அங்கிருந்தே விமானத்துக்குப் போய்விடுவேன் என்றேன். சாப்பாட்டைப் பற்றிக் கேட்டாள், குளிரைப் பற்றிக் கேட்டாள்.

"ராத்திரியில கீழ ஆள் இருக்காராடா?"

"இருக்காரும்மா."

"முழிச்சிட்டு இருக்காரா?"

கதவைத் திறந்து படிக்கட்டின் விளிம்பில் நின்று பார்த்தேன். கீழ்மாடி விளக்கின் மஞ்சள் வெளிச்சம் படிகளில் விழுந்திருந்தது. வானொலி ஓடிக்கொண்டிருந்தது.

"முழிச்சிட்டுத்தான் இருக்காரு."

"அப்ப சரி. நீ தூங்கு" என்றாள்.