பித்தளை வளையம் தெரியும்வரை

உடுமலையில் பஸ் ஏறும்போது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ஒன்பதாறு செக்போஸ்ட் தாண்டிச் சின்னாறு காட்டுக்குள் நுழைந்த பிறகும் அதே வெயில்தான். கேரளா என்றால் மழை என்று நம்பி வந்தவன் கண்ணில் முள்மரமும் கள்ளியுமே பட்டால் எப்படி இருக்கும்! மழைமறைவுப் பகுதியாம். இதற்கு எங்கள் திருவள்ளூரே தேவலையே என்று முணுமுணுக்கத் தொடங்கினேன், மறையூர் வந்துவிட்டது.

சாலையோரக் கம்பிவேலிக்குப் பின்னால் சந்தன மரங்கள் எந்த அலட்டலும் இல்லாமல் நிற்கின்றன. அட, இதுவா சந்தனம்? வாசனை பிடிக்கலாம் என்று வேலியருகே போனேன். மூக்கில் ஏறியது வெல்லப்பாகின் மணம். பக்கத்துக் கொட்டகையில் கரும்புச்சாறு கொதிக்க, சூடு ஆறுவதற்குள் கையாலேயே உருண்டை பிடிக்கிறார்கள். 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற மறையூர் வெல்லம். ஒவ்வோர் உருண்டையிலும் விரல் தடம்!

காந்தளூருக்கு ஜீப் ஏற ஏறக் குளிர் காதைப் பிடித்தது. ஊர் முழுக்கப் பூண்டு வாசனை. நான் தேடி வந்த பேனா கடைபவர் தன் வீட்டுத் திண்ணையிலேயே சின்ன லேத் போட்டிருந்தார். கையில் கட்டன் சாயாவைக் கொடுத்துவிட்டு, "சந்தனப் பேனா கேட்கத்தானே வந்தீங்க சாரே?" என்றார். அசடு வழிந்தேன். "சந்தனம் சர்க்கார் ஏலத்துக்குப் போறது. நமக்குக் காபிக் கட்டை போதும்." தேக்கு? மலைக்கு அந்தப் பக்கம் கை காட்டினார். அங்கே பாலக்காட்டுப் பரம்பிக்குளத்தில் கன்னிமாரா தேக்கு நிற்கிறது. கட்டிப்பிடிக்கவே நாலைந்து பேர் வேண்டும். "அதுல எத்தனை பேனா வரும்னு மட்டும் கணக்குப் போடாதீங்க!"

பிடுங்கிப்போட்ட பழைய காபிச் செடியின் தண்டைக் காயவைத்து, சதுரக் கட்டைகளாக அறுத்து வைத்திருந்தார். துளை போடும்போது காபி மணக்கும் என்று மூக்கை நீட்டினேன். வெறும் மரத்தூள், ஒரு தும்மல். துளைக்குள் 7 மில்லிமீட்டர் பித்தளைக் குழாய். பசை பிடிக்க அதன் மேலே உப்புத்தாள் தேய்த்து, அரால்டைட் தடவிச் செருகுகிறார். இனி கடைய வேண்டியதுதானே என்று நான் நினைக்க, அவர் லேத்தைத் தொடவேயில்லை. கட்டையின் முனையையே திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இங்கதான் பேனா கெடும்."

ரம்பம் அறுத்த முனை நேராக இருப்பதாகத்தான் என் கண்ணுக்குப் பட்டது. குழாயின் நடுக்கோட்டுக்கு அது மிகச்சரியான செங்குத்தாக இருக்க வேண்டுமாம். முடி அளவு சாய்ந்தாலும் லேத்தில் இறுக்கும்போது கட்டையைத் தாங்கும் கம்பி வளைந்துவிடும்; மரம் ஒருபக்கம் தடித்து, மறுபக்கம் மெலியும். பேனாவின் நடுவளையம் ஒட்டாமல் இடைவெளி காட்டும். அழுத்திச் செருகினால் விரிசல். இத்தனை வம்பும் யாருமே பார்க்காத ஒரு முனையால்!

குழாய்க்குள் வழிந்திருந்த பசையைச் சுரண்டி எடுத்தார். பிறகு டிரிம்மர் என்ற கருவி. அதன் நடுக்கம்பி குழாய்க்குள் அச்சாகப் போய் உட்கார, கம்பியைச் சுற்றியுள்ள வெட்டுப்பற்கள் முனையைச் சீவுகின்றன. குழாயே வழிகாட்டுவதால் கோணம் தவற வழியில்லை. என் கையிலும் கொடுத்தார். குளிரில் விரல்கள் மரத்திருந்தன. மெல்லச் சுற்றினேன். பசையும் தூளும் உதிர்ந்து, மரத்துக்கு நடுவே பளிச்சென்று ஒரு பித்தளை வளையம்!

"நிறுத்துங்க!" என்று கத்தினார். சாயா துள்ளியது. அதற்கு மேல் போனால் குழாயும் குறையும். பேனாவின் கீழ்ப்பாதியில் அப்படிக் குறைந்தால் மூடிய பேனாவிலிருந்தும் ரீஃபில் முனை எட்டிப் பார்க்கும். பல் மழுங்கியிருந்தால் மரம் பிய்யுமாம், அடிக்கடி தீட்டுகிறார்.

எங்கள் ஊரில் ரங்கா பேனாக்காரர்கள் எபோனைட் கம்பியைக் கடைவதைச் சொன்னேன். ரப்பரும் கந்தகமும் சேர்ந்து இறுகிய பொருள். உள்ளே பித்தளைக் குழாய் கிடையாது, கம்பியிலேயே மரை வெட்டி மூடியைத் திருகுவார்கள். குழாயில்லாப் பேனாவா! வாய் பிளப்பது இப்போது அவர் முறை.

"அப்ப முனையை எதை வச்சு மட்டம் பிடிப்பாங்க?"

"லேத்துலயே சீவிடுவாங்க."

கொஞ்ச நேரம் யோசித்தார். "அடுத்த தடவை அந்தக் கம்பி ஒண்ணு கொண்டு வாங்க சாரே" என்று சொல்லிவிட்டு, அடுத்த கட்டையை எடுத்தார்.