அந்த கரும்பலகை பார்த்திருக்கும்!

கம்போடியான்னாலே அங்கோர்வாட்டுக்குத்தான் ஓடுவோம். தலைநகர் புனோம்பென்னில் துவோல் ஸ்லெங் கேட்டுக்குள்ள நுழைஞ்சா, 'அட, நம்ம ஸ்கூல் மாதிரியே இருக்கே!'ன்னு தோணும். அது ஸ்கூலேதான்! 1970-களில் கெமர் ரூஜ் ஆட்சி அதை எஸ்-21 சிறையாக மாற்றியது. வகுப்பறைகளைத் தடுத்துக் கொட்டடிகள். பசங்க எக்ஸர்சைஸ் செய்த மரச்சட்டத்தில் கைதிகளைத் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டார்கள். மாடி வராண்டா முழுக்க முள்கம்பி... யாரும் குதித்துச் சாகக்கூடாதாம்! சிறைத் தலைவன் டுச், முன்னாள் கணக்கு வாத்தியார்.

'எங்கேயோ பாம் இருக்கு, ஒருத்தனைச் சித்ரவதை செஞ்சா ஆயிரம் பேர் பிழைப்பாங்க, செய்யலாமா?' எத்திக்ஸ் வகுப்பின் ஃபேவரைட் கேள்வி. சில நேரம் செய்யலாம்னு கணக்குப் போட்டவர் பெந்தம். மனுஷனை வெறும் கருவியாக்காதேன்னவர் கான்ட். நான் பெந்தம் கட்சி.

இங்கே சுவர் முழுக்க கைதிகளின் போட்டோக்கள். அடி தாங்காமல், 'நான் சி.ஐ.ஏ. உளவாளி'ன்னு எழுதிக் கொடுத்தவர்கள். கூட்டாளி யாருன்னு கேட்டா, தெரிஞ்சவங்க பேரைச் சொன்னாங்க. அடுத்து அவங்களைத் தூக்கிட்டு வந்தாங்க. பலியானவங்க குறைஞ்சது 12,272 பேர்னு 2010-ல் கோர்ட் சொன்னது. பெந்தம் கணக்கே இங்கே நஷ்டம்தான். சரி, சொன்னதெல்லாம் நிஜமா இருந்திருந்தா? அந்த மரச்சட்டம் ஓகேவா? இல்லேன்னு உடனே வந்தது பதில். ஏன்னு கேட்டா, கான்ட்கிட்டதான் போகணும்.

வெளியே டுக்-டுக் டிரைவர், 'அடுத்து கொலைக்களம் போலாமா?'ன்னு சிரிச்சார். ரூமுக்கே விடச் சொன்னேன்.