இந்தப் பல் யாருடையது?

போன மாரியில் கடல் கரையை நல்லா வெட்டிக் கொண்டுபோயிருந்தது. தை பிறந்து மழை விட்ட ஒரு காலையில் தம்பியோடு குருக்கள்மடம் கடற்கரையில் நடந்துகொண்டிருந்தேன். அலை ஒதுக்கிவிட்டுப் போன சிப்பி, பிளாஸ்ரிக் மூடிகளுக்கு நடுவில் கறுப்பாக ஒன்று கிடந்தது. எடுத்துப் பார்த்தால், பல். என்னுடைய பெருவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிசு. ஓரத்தில் விரலை வைத்தால் வாள் மாதிரி அரம்.

“அக்கா, மெகலடோன்!” என்று தம்பி கத்தினான். அந்தப் படத்தைப் போனில் நாலு தரம் பார்த்தவன் அவன்.

உண்மையைச் சொன்னால் எனக்கும் ஆசை வந்துவிட்டது. எங்கட ஊர்ப் பெயர் ஒரு நல்ல விசயத்துக்காகப் பேப்பரில் வந்தால் என்ன என்று நினைத்தேன். அடுத்த இரண்டு கிழமையும் அந்தப் பல்லோடுதான் போனது.

முதலில் வடிவம். மெகலடோனின் பல் 18 சென்ரிமீற்றர் வரை வளரும். நடுவில் நிமிர்ந்த முக்கோணம், ஓரமெல்லாம் சின்ன அரம், பல்லுக்கும் வேருக்கும் இடையில் கறுத்த பட்டி ஒன்று. என் கையில் இருந்தது அப்படி இல்லை. நுனி ஒரு பக்கம் சாய்ந்து, மறுபக்கத்தில் ஆழமாக ஒரு வெட்டு, பார்க்கச் சேவல் கொண்டை மாதிரி. அந்த வடிவம் புலிச்சுறாவுக்கு உரியது. மெகலடோன் ஏறத்தாழ 3.6 மில்லியன் ஆண்டுகளுக்கு முன் அழிந்துபோனது. புலிச்சுறா இன்றைக்கும் எங்கட கடலில் திரிகிறது. தம்பிக்கு முகம் சுருங்கிவிட்டது.

நான் விடவில்லை. புலிச்சுறாவாக இருந்தாலும் பழசாக இருக்கலாம்தானே? கறுப்பாக இருக்கிறதே! சுறாவின் உடம்பில் எலும்பு இல்லை, எல்லாம் குருத்தெலும்பு, அது உக்கிப்போய்விடும். ஆனால் ஒரு சுறா வாழ்நாளில் ஆயிரக்கணக்கில் பல்லை விழுத்தி விழுத்தி முளைக்கவைக்கும். அதனால்தான் உலகம் முழுக்க உயிர்ச்சுவடாக அதிகம் கிடைப்பவற்றில் சுறாப்பல்லும் ஒன்று. இந்தியத் தமிழில் இதைப் புதைபடிவம் என்பார்கள். மண்ணுக்குள் கிடக்கும்போது அங்குள்ள கனிமங்கள் பல்லுக்குள் ஏறும். நிறம் அந்த மண்ணைப் பொறுத்தது, வயதைப் பொறுத்தது அல்ல. காற்றுப் புகாத கறுத்த சேற்றுக்குள் கிடந்தால் புதுப் பல்லும் கறுக்கும். எங்கட ஊருக்கு மேற்கே முழுக்கக் களப்பு. அம்பிளாந்துறைக்குப் போகப் படகு ஏறுகிற இடத்தில் கால் வைத்துப் பாருங்கள், சேறு எப்படி மணக்கும் என்று தெரியும்.

மூன்றாவது, இடம். இங்கேதான் எனக்கு அடி விழுந்தது. மட்டக்களப்புக்குக் கீழே இருப்பது 50 கோடி ஆண்டுகளுக்கும் மேல் பழைய, வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறிய பாறை. அதற்குள் உயிர்ச்சுவட்டைத் தேடிப் பிரயோசனம் இல்லை. இலங்கையில் சுறாப்பல் கிடைக்கிற சுண்ணக்கல் நாட்டின் மற்றப் பக்கம், புத்தளத்திலிருந்து யாழ்ப்பாணம் வரை. 23 மில்லியனுக்கும் 5 மில்லியனுக்கும் இடைப்பட்ட மயோசின் காலத்தில் அங்கே கடல் இருந்தது. கொழும்புக் குப்பையைக் கொட்ட வேண்டாம் என்று 2018, 2019இல் புத்தளம் சனம் போராடியதே, அந்த அருவாக்காட்டின் சுண்ணக்கல்லில்தான் இந்தப் பற்களும் இருக்கின்றன. பின்னாளில் தேசிய நூதனசாலைகளின் பணிப்பாளரான பி. இ. பி. தெரணியகல, இலங்கையின் மயோசின் முதுகெலும்பிகள் பற்றி 1937இலேயே எழுதிவிட்டார். தமிழ்நாட்டில் என்றால் அரியலூர்ப் பக்கம் காரைக்குப் போகவேண்டும். அங்கே கிடைத்த சுறாப்பற்கள் ஏறத்தாழ 100 மில்லியன் ஆண்டு பழையவை.

கடைசியில் பல்லைக் கொண்டுபோய் அம்மப்பாவிடம் கொடுத்தேன். கண்ணாடியைக்கூடப் போடவில்லை. பெருவிரலால் ஒருதரம் தடவினார்.

“புலிச்சுறாட பல்லு புள்ள. கீழ வேரைப் பாரு, பாரமே இல்ல. கல்லாப் போயிருந்தா இப்பிடி இரிக்காது. எங்கட காலத்தில சுறாவுக்கெண்டே பெரிய தூண்டில் கட்டிப் போற. தலைய வெட்டி இந்த மண்ணிலதான் போடுற. எத்தின தலை!”

இரண்டு கிழமை நான் தேடியதை அவர் ஒரு நிமிசத்தில் சொல்லிவிட்டார். ஐரோப்பாவில் இந்தக் கற்பற்களைப் பாம்பின் நாக்கு கல்லானது என்று நெடுங்காலம் நம்பினார்கள். 1666இல் இத்தாலியின் லிவோர்னோப் பக்கம் மீனவர்கள் பெரிய சுறா ஒன்றைப் பிடிக்க, அதன் தலை நிக்கலஸ் ஸ்டெனோ என்ற மருத்துவரிடம் வந்தது. வாயைத் திறந்து பார்த்தவர், நாக்குக்கல்லும் சுறாப்பல்லும் ஒன்றுதான் என்று அடுத்த வருசம் எழுதினார். அவருக்கும் ஒரு மீனவரின் தூண்டில் தேவைப்பட்டிருக்கிறது.

“இப்ப சுறா வாறல்லையா அம்மப்பா?”

“எங்க வாற? பிள்ளை பெத்தவளுக்குக் குடுக்கப் பால்சுறா தேடுறதே பெரிய பாடு.”

திறந்த கடலில் திரியும் சுறாவும் திருக்கையும் 1970க்குப் பிறகு 71 சதவீதம் குறைந்துவிட்டதாக 2021இல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஆய்வு சொல்கிறது. வால் நீண்ட திரெஷர் சுறாவைப் பிடிக்க இலங்கை 2012இல் தடை போட்டது. என் கையில் இருந்தது உயிர்ச்சுவடு இல்லை. ஆனால் அம்மப்பா கண்ட கடல் எனக்கு இல்லை என்பதற்கு அது சாட்சி.

கதை இதோடு முடிந்திருக்கும். அடுத்த நாள் இன்னும் பற்கள் கிடைக்குமா என்று பார்க்க அரிதட்டும் சின்ன மண்வெட்டியும் எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டேன். அம்மா படலையில் மறித்தார்.

“அந்த மண்ணைக் கிண்டாத புள்ள.”

சுனாமியை நினைத்துச் சொல்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். இல்லை. 1990 ஜூலையில் கல்முனை வீதியால் காத்தான்குடிக்குத் திரும்பிக்கொண்டிருந்த முஸ்லிம்களை எங்கட ஊரில் மறித்து, விடுதலைப் புலிகள் கொன்று கடற்கரைப் பக்கம் புதைத்தார்கள் என்று அவர்களுடைய உறவுகள் இன்றுவரை சொல்கிறார்கள். ஹஜ் முடித்து வந்தவர்களும் அதில் இருந்தார்கள். 2014இல் களுவாஞ்சிக்குடி நீதிமன்றம் தோண்டிப் பார்க்க உத்தரவிட்டது. பிறகு அது தள்ளிப்போனது. இவ்வளவும் நடந்த ஊரில் பிறந்து வளர்ந்த எனக்கு, இருபது வயது தாண்டிய பிறகுதான் அம்மா வாய் திறந்தார். அதுவும் நான் மண்வெட்டியோடு நின்றதால்.

மண்வெட்டியை வைத்துவிட்டு விறாந்தையில் இருந்தேன். மனிதப் பல்லும் அப்படித்தான். உடம்பில் ஆகக் கடினமானது எனாமல். மற்றதெல்லாம் போன பிறகும் பல் கிடக்கும். பல் வளர்ந்த அளவை வைத்து இது பிள்ளையா பெரியவரா என்று சொல்லலாம். உள்ளே டிஎன்ஏ மிஞ்சியிருந்தால் யாருடைய பிள்ளை என்றுகூடச் சொல்லலாம். 2025இல் செம்மணியில் தோண்டியபோது நாங்கள் எல்லாரும் ஸ்டேட்டஸ் போட்டோம். நானும் போட்டேன். அந்த எலும்புகளுக்குப் பெயர் வேண்டும் என்று எழுதினேன். என் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருக்கிற மண்ணுக்கு நான் ஒரு வரி எழுதவில்லை. ஒரு சுறாவின் பல் யாருடையது என்று இரண்டு கிழமை தேடியவள் நான்.

கடற்கரையில் பல் கிடைத்தால் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறவர்களுக்கு நான் பழகிக்கொண்டது இவ்வளவுதான். எடுக்க முதல் படம் எடுங்கள், பக்கத்தில் ஒரு ஐந்து ரூபாய்க் குற்றியை வைத்து. இடமும் திகதியும் எழுதுங்கள். இடம் தெரியாத பல்லை வைத்து யாராலும் ஒன்றும் சொல்ல ஏலாது. வடிவத்தைப் பாருங்கள், வேரைப் பாருங்கள், நிறத்தை நம்பாதீர்கள். ஊரில் வயதான கடற்தொழிலாளி ஒருவரிடம் காட்டுங்கள். அது சுறாவுடையது இல்லை என்று பட்டால் தொடவேண்டாம், கிண்டவேண்டாம். அப்படியே விட்டுவிட்டுப் பொலிசுக்கோ கிராம சேவையாளருக்கோ அறிவியுங்கள். ஆசையில் கிண்டினால் சாட்சியம் அழிந்துவிடும்.

என்னுடைய பல் இப்போது ஒரு மருந்துப் போத்தலுக்குள் இருக்கிறது. “புலிச்சுறா. குருக்கள்மடம் கடற்கரை. உயிர்ச்சுவடு அல்ல, அநேகமாக” என்று ஒட்டியிருக்கிறேன். அம்மா அதை வாசித்துவிட்டுக் கேட்டார்:

“அவங்களையும் இப்பிடிப் பாத்துச் சொல்ல ஏலுமா?”

“ஏலும் அம்மா,” என்றேன். “தோண்ட விட்டா ஏலும்.”