போங்காட்டம்

டிசம்பர் 18, 2023, திங்கள்

பக்திப் பாட்டு ஒன்றுக்கு இன்று பகல் முழுக்க ஸ்ட்ரிங்ஸ் போட்டேன். சாலிகிராமத்துச் சின்ன அறை, ஒரு கீபோர்டு, ஒரு கம்ப்யூட்டர். வயலின் முதல் டபுள் பாஸ் வரை எல்லாம் ஹார்ட் டிஸ்கில். சாயந்திரம் வயலின் அண்ணன் வந்தார். ஒரு காலத்தில் காலையில் ஒரு ஸ்டுடியோ, மதியம் ஒரு ஸ்டுடியோ என்று கால்ஷீட் வாசித்தவர். கண்ணை மூடிக் கேட்டார்.

"நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா இது போங்காட்டம்."

காபியைக் குடித்துவிட்டு அவர் கிளம்பிவிட்டார். எனக்குத்தான் அப்புறம் வேலை ஓடவில்லை.

டிசம்பர் 19, செவ்வாய்

அண்ணன் சொன்னது பழைய வழக்கு. 1942-இல் அமெரிக்க இசைக்கலைஞர் சங்கம் ரெக்கார்டு கம்பெனிகளுக்கு வாசிக்க மாட்டோம் என்று வேலைநிறுத்தமே செய்தது. தட்டு சுழன்றால் ஆளை யார் கூப்பிடுவார்கள் என்ற பயம். 1982-இல் லண்டனில் சங்கக் கிளை ஒன்று சிந்தசைசரையும் டிரம் மெஷினையும் தடை செய்யச் சொல்லித் தீர்மானம் போட்டது. நம் கோடம்பாக்கத்தில் 1986-லேயே 'புன்னகை மன்னன்' படத்துக்கு இளையராஜா கம்ப்யூட்டரைக் கொண்டுவந்துவிட்டார். கூடம் நிறைய ஆட்களை உட்காரவைத்து, ஸ்கோர் எழுதி வாசிக்க வைத்த அதே ராஜா. ஆள் கிடைக்காமலா மெஷினிடம் போனார்? அந்தச் சத்தம் வேண்டியிருந்தது, போனார்.

அண்ணன் இழந்தது கால்ஷீட்டை. அந்தக் கோபம் நியாயம். அதைக் கலையின் கற்பு பற்றிய பேச்சாக்கினால் சம்பளப் பேச்சு அமுங்கிப்போகும்.

டிசம்பர் 21, வியாழன்

மயிலாப்பூரில் கச்சேரி. பாடகருக்குப் பின்னால் எலக்ட்ரானிக் தம்பூரா. பக்கத்தில் செல்போனிலும் ஒரு சுருதி. யாரும் முகம் சுளிக்கவில்லை. எனக்குக் குறை ஒன்று உண்டு. முன்பெல்லாம் அந்த இடத்தில் சிஷ்யப் பிள்ளை ஒருவன் தம்பூரா மீட்டிக்கொண்டே குருவின் ஒவ்வொரு பிடியையும் முதுகுக்குப் பின்னாலிருந்து கேட்டுக்கொண்டிருப்பான். அந்த இடத்தைப் பெட்டி எடுத்துக்கொண்டது.

டிசம்பர் 22, வெள்ளி

தோடியில் ஒரு விருத்தம். பாடியது சின்னப் பெண், நல்ல சாரீரம். தயாரிப்பாளர் போனில், "எல்லாத்தையும் ட்யூன் பண்ணிடுங்க சார்" என்றார். அவருக்கு அது துணி இஸ்திரி போடுகிற மாதிரி.

ஆட்டோ-ட்யூனைச் செய்த ஆண்டி ஹில்டெப்ராண்ட், அதற்கு முன் பூமிக்குள் அதிர்வு அனுப்பி எண்ணெய் தேடும் துறையில் கணக்குப் போட்டவர். 1997-இல் வந்தது அந்த மென்பொருள். அடுத்த வருஷமே ஷெர் பாடிய 'பிலீவ்' பாட்டில் உலகமே அதைக் கேட்டது. கணக்கில் குற்றமில்லை. ஆனால் பன்னிரண்டு சுரத்தில் எதற்குப் பக்கமோ அங்கே இழுத்து உட்காரவைப்பதுதான் அதன் வேலை. தோடியின் காந்தாரமோ ஓரிடத்தில் உட்காராது. ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் நடுவே ஆடுவதுதான் அதன் உயிர். தானாகத் திருத்தவிட்டுக் கேட்டேன். ஆட்டம் படிப்படியாக உடைந்து, ஹார்மோனியத்தில் யாரோ விரல் மாற்றுவதுபோல் இருந்தது.

எல்லாவற்றையும் எடுத்துவிட்டு மெலடைன் என்ற மென்பொருளில் கையால் திருத்த உட்கார்ந்தேன். கமகம் எது, நிஜமாகவே இறங்கியது எது என்று திரையில் தெரியாது. இரண்டும் ஒரே மாதிரி வளைந்த கோடுதான். காதுக்குத்தான் தெரியும். கடைசியில் தொட்டது கீழ்ப் பஞ்சமத்தில் முடிகிற ஒரே இடம், மூச்சுப் போதாமல் தொய்ந்திருந்தது. ராகம் தெரியாதவன் இந்தப் பொத்தானைத் தொட்டால் கெடுப்பான். தெரிந்தவனுக்கு இது இன்னொரு வாத்தியம். அந்தப் பெண்ணை நேரில் பாடச் சொன்னாலும் இதே தோடியைப் பாடுவாள்; அதனால் எனக்கு உறுத்தவில்லை.

டிசம்பர் 24, ஞாயிறு

ஈ.சி.ஆரில் ஒரு கம்பெனி ஆண்டு விழா, "லைவ் ஆர்க்கெஸ்ட்ரா" என்று பேனர். பாட்டு, தாளம், குரல் உட்பட எல்லாம் பென் டிரைவிலிருந்து ஓடியது. பாடகர் கையில் மைக், அது பேச மட்டும். பின்வரிசையில் வில்லை இழுத்துக்கொண்டிருந்தவர் நம் அண்ணன்!

இடைவேளையில் போய் நின்றேன். அவரே சொன்னார்: "மைக் ஆஃப் தம்பி. பார்வைக்கு ஆள் வேணுமாம். பில்லுல லைவுன்னுதான் போட்டிருக்கான்." இதைப் போங்காட்டம் என்று நான் சொல்லவில்லை. அவருக்குத் தெரியாததா?

டிசம்பர் 27, புதன்

பக்திப் பாட்டுக்கு அண்ணனை வரவழைத்தேன். ஹார்ட் டிஸ்க் வயலின்கள் அடியில் இருக்கட்டும், மேலே ஒரு நிஜ வில் உரசினால் மொத்தமும் மூச்சுவிடும். பல பேர் செய்கிற முறைதான். ஒரே வரியைத் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொல்லி நான்கு அடுக்காகப் பதிவு செய்தேன். ஒவ்வொன்றும் மயிரிழை வித்தியாசம். அதற்காகத்தான் கூப்பிட்டதே.

போட்டுக் காட்டினேன். "எத்தனை பேர் சத்தம் வருது?" என்றார்.

"நாலு பேர் அண்ணே."

"அப்போ நாலு பேர் சம்பளம் குடு."

தயாரிப்பாளரிடம் பேசி, இரண்டு ஆள் கால்ஷீட்டுக்கு முடித்தேன்.