முதன்மை ஓட்டுநர்

வாடகைக் கார் நிறுவனத்தின் படிவத்தில் முதல் கட்டமே 'முதன்மை ஓட்டுநர்' என்பதுதான். பிணைத்தொகை பிடிக்கப்படும் கிரெடிட் கார்டு இதே நபரின் பெயரில் இருக்கவேண்டும் என்று அதன் கீழே சின்ன எழுத்தில் போட்டிருந்தது. திண்டிவனத்தில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து இரவு பதினோரு மணிக்கு அதைப் படித்தேன். விமானம் ஏற ஐந்து மாதம் இருந்தது.

ஜெர்மனியில் ஹாலே என்ற ஊரில் பிராங்கே நிறுவனங்களின் ஆவணக் காப்பகம் இருக்கிறது. 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்க் அங்கே படித்தவர். தமிழ் ஓலைச்சுவடிகள் அந்தக் காப்பகத்தில் இருக்கின்றன. முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்த காலத்திலிருந்தே அதைப் பார்க்கவேண்டும் என்பது என் ஆசை. பாரிசை ஒட்டிய ஊரொன்றில் என்னோடு முதுகலை படித்த தோழி இருக்கிறாள். புதுச்சேரிக்காரி, பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற குடும்பம். ரயிலில் போகலாம் என்றுதான் முதலில் நினைத்தோம். பிறகு அவளே, "வண்டி எடுத்துக்கலாம்டி, நீ ஓட்டுவ இல்ல?" என்றாள். இருபது வருடமாக அங்கே இருந்தும் அவளுக்கு ஓட்டத் தெரியாது. திண்டிவனத்துக்காரி ஓட்ட, பாரிஸ்காரி பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்வது என்று முடிவாயிற்று.

நான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டது கொரோனாவுக்குப் பிறகு. விழுப்புரத்தில் கல்லூரி. போகவர நாளுக்கு எண்பது கிலோமீட்டர், விக்கிரவாண்டி சுங்கச்சாவடியைத் தாண்டி. சரக்கு லாரிகளுக்கும் ஆம்னி பஸ்களுக்கும் நடுவில் ஓட்டிப் பழகிய கை. ஆனாலும் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி வாங்கப் போனபோது, வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர் திரும்பி, "சார் வரலையா மேடம்? அவரே வந்து கையெழுத்துப் போடணுமே" என்றார். படிவம் 4அ, ஆயிரம் ரூபாய், ஒரு வருடத்துக்குச் செல்லும். உரிமத்தில் என் முகம்தான் இருந்தது. காட்டினேன்.

எல்லை தாண்டுவது பற்றிப் படிக்கப் படிக்க வேடிக்கையாக இருந்தது. எந்தெந்த நாட்டுக்கு வண்டியைக் கொண்டுபோகிறோம் என்று முன்கூட்டியே நிறுவனத்திடம் சொல்லவேண்டும். சொல்லாமல் போய் இடித்துக்கொண்டால் காப்பீடு கைவிரித்துவிடலாம். ஒரு நாட்டில் எடுத்து இன்னொரு நாட்டில் விட்டால் அதற்குத் தனிக் கட்டணம், சில சமயம் வாடகையைவிட அதிகம். அதனால் சுற்றிவந்து பாரிசிலேயே விடுவதாகத் திட்டம். பிரான்சின் பெரும்பாலான நெடுஞ்சாலைகளில் ஓடிய தூரத்துக்குச் சுங்கம். ரைன் நதியைத் தாண்டி ஜெர்மனிக்குள் போனால் காருக்குச் சுங்கமே இல்லை. பாசெல் போய்வரலாமா என்று தோழி கேட்டாள். சுவிட்சர்லாந்தில் நெடுஞ்சாலை ஏற ஆண்டு முழுவதற்குமான ஒட்டிதான் வாங்கவேண்டும், 40 பிராங்க். ஒரு மதிய உணவுக்காகவா? பாசெலை அடித்துவிட்டேன். பாரிசில் இறங்கினாலும் அதிக நாள் தங்குவது ஜெர்மனியில் என்பதால் விசா ஜெர்மனிக்குத்தான் கேட்கவேண்டும்.

எல்லை எங்கள் பக்கத்துக்குப் புதிதல்ல. விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்குப் போகும்போது மதகடிப்பட்டு புதுச்சேரி, கண்டமங்கலம் தமிழ்நாடு, அரியூர் மறுபடி புதுச்சேரி. இன்று அது தெரிவது சாராயக் கடையிலும் பெட்ரோல் விலையிலும்தான். 1954 நவம்பர் 1 வரை அந்தப் பக்கம் பிரெஞ்சுக்காரன் ஊர். என் அம்மாச்சி சிறுமியாகத் தலையில் கூடையோடு அந்தச் சாவடியைத் தாண்டியவள். கூடையை இறக்கிக் கிளறிவிட்டுத்தான் விடுவார்களாம். "ஆம்பளைங்க சைக்கிள்ல போவாங்க, அவங்கள அவ்ளோ கேக்கமாட்டான்" என்பாள். 2024 செப்டம்பரில் ஜெர்மனி தன் தரை எல்லைகள் எல்லாவற்றிலும் மறுபடி சோதனை தொடங்கியது என்று படித்தபோது அந்தக் கூடைதான் நினைவுக்கு வந்தது.

கார்டு விஷயத்துக்கு வருகிறேன். என்னிடம் கிரெடிட் கார்டு இல்லை. தேவைப்பட்டதே இல்லை, அவரிடம் இருந்தது. கேட்டேன்.

"என் கார்டையே எடுத்துட்டுப் போயேன். ஓடிபி வந்தா சொல்றேன்."

"என் பேர்ல இருந்தாதாங்க வண்டி குடுப்பாங்க."

"அப்ப நானும் வரேன். நான் ஓட்டறேன்."

இதைச் சொன்னபோது அவர் குரலில் எந்த அதட்டலும் இல்லை. நல்ல மனிதர். உண்மையான உதவியாகத்தான் சொன்னார். அந்த நல்ல மனதை மறுத்துப் பேச எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. கோபக்காரரிடம் என்றால் உடனே பேசியிருப்பேன்.

கார்டுக்கு விண்ணப்பித்தேன். விசாவுக்கும் அதற்குமாகச் சேர்த்து வங்கிக் கணக்கு விவரத்தை அச்செடுத்தேன். மூன்று மாதமும் ஒரே கதை. மாதக் கடைசியில் சம்பளம் வருகிறது, இரண்டாம் தேதி வீட்டுக்கடன் தவணை போகிறது, மூன்றாம் தேதி மிச்சத்தில் பெரும்பகுதி அவர் கணக்குக்கு மாறுகிறது. பிறகு மாதம் முழுக்கக் காய்கறி, பெட்ரோல், மருந்து. அந்த மாற்றத்தை நானேதான் செல்பேசியில் செய்துகொண்டிருந்தேன். யாரும் பிடுங்கவில்லை. எண்களாக வரிசையில் பார்க்கும்வரை எனக்கு அது தெரியவில்லை என்பதுதான் வெட்கமாக இருந்தது. வகுப்பில் பெண்ணியக் கோட்பாடு நடத்துகிறவள்.

விசாவுக்கு ஊர் திரும்புவாய் என்பதற்கும் சான்று வைக்கவேண்டும். வேலைச் சான்று, துறையின் தடையின்மைச் சான்று, சொத்து இருந்தால் அதன் ஆவணம். பீரோவைத் திறந்து வீட்டுப் பத்திர நகலை எடுத்தேன். பட்டாவும் பத்திரமும் அவர் பெயரில். கடன் ஒப்பந்தத்தில் மட்டும் இணைக் கடனாளியாக நான். பதினொரு வருடத் தவணை என் கணக்கிலிருந்து போயிருக்கிறது. வாங்கும்போது, "ஒருத்தர் பேர்ல இருந்தா அலைச்சல் கம்மி" என்று மாமா சொன்னார். எல்லோரும் தலையாட்டினோம், நானும்தான்.

எங்கள் வழியில் போர்ட்ஸ்ஹைம், மான்ஹைம் என்று இரண்டு ஊர்கள் வருகின்றன. பெர்த்தா பென்ஸ் 1888 ஆகஸ்டில் மான்ஹைமிலிருந்து போர்ட்ஸ்ஹைமுக்கு, கணவரிடம் சொல்லாமல், இரண்டு மகன்களோடு மூன்று சக்கரக் காரில் நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிப்போன சாலை. எரிபொருளை வீஸ்லோக்கில் மருந்துக்கடையில் வாங்கினாள். அடைத்துக்கொண்ட குழாயைத் தொப்பி ஊசியால் குத்தி எடுத்தாள். இதையெல்லாம் எல்லோரும் சொல்வார்கள். கல்யாணத்துக்கு முன்பே அவள் சீர்ப்பணத்தை வாங்கித்தான் காரல் பென்ஸ் தன் கூட்டாளியின் பங்கைத் தீர்த்துப் பட்டறையைத் தனதாக்கிக்கொண்டார் என்பதை அவ்வளவாகச் சொல்வதில்லை. 1886 காப்புரிமை காரல் பெயரில் இருக்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரிடம் பத்திரத்தைப் பற்றிப் பேசினேன். குடும்பத்துக்குள் தானசெட்டில்மென்ட் எழுதினால் முத்திரைத் தீர்வை ஒரு சதவீதம்தான், அதற்கும் உச்சவரம்பு உண்டு என்று விசாரித்து வைத்திருந்தேன். பாதிப் பங்கு போதும் என்றேன்.

"பத்திரம் பேங்க்ல அடமானத்துல இருக்கு. கடன் முடியட்டுமே." பிறகு, "எம்மேல நம்பிக்கையில்லையா?" என்றார்.

நம்பிக்கை இருக்கிறது. அதனால்தான் பதினொரு வருடம் கேட்கவில்லை. இதை அவரிடம் சொன்னேன். அவர் பதில் சொல்லாமல் எழுந்துபோய் மோட்டார் போட்டார். அன்று சாப்பாட்டின்போதும் பேசவில்லை. வங்கியிடம் தடையின்மைக் கடிதம் கேட்டால் கொடுப்பார்களா என்று விசாரிக்க வேண்டியிருக்கிறது. நானே போவதாக இருக்கிறேன்.

கார்டு வந்துவிட்டது. வரம்பு சின்னதுதான், பிணைத்தொகைக்குப் போதும். மூன்றாம் தேதி மாற்றும் தொகையையும் குறைத்துவிட்டேன். தானியங்கி கியர் வண்டிக்கு வாடகை அதிகம் என்பதால் சாதாரண வண்டிதான். சாலையில் வலப்பக்கம் போகவேண்டும், கியர் வலக்கைக்கு வரும். கிளியனூர் பக்கம் ஆளில்லாத இடத்தில் வண்டியை நிறுத்தி, என்ஜினை அணைத்துவிட்டு, இடப்பக்க இருக்கையில் உட்கார்ந்து வலக்கையால் கியர் போட்டுப் பார்க்கிறேன். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அக்கா ஒருத்தர் போன வாரம் கிட்டே வந்து, "என்னாம்மா, வண்டி நின்னுபோச்சா?" என்று கேட்டார். பழகிக்கிட்டிருக்கேன் என்றேன்.

விசாவுக்குச் சென்னையில் அடுத்த மாதம் 9ஆம் தேதி, காலை பத்தரை மணிக்கு வரச்சொல்லியிருக்கிறார்கள். கோப்பில் சொத்து ஆவணம் வைக்கவில்லை. சம்பளச் சான்று மேலே இருக்கிறது.