கொண்டல் வரும் நேரம்

2017 மே மாதக் குறிப்பேட்டில் இரண்டு நாட்களின் கணக்கு ஒரே பக்கத்தில் இருக்கிறது. முதல் நாள் வெளியே 41 டிகிரி. தெருவில் நாய்கூட நடமாடவில்லை. மாலை நான்கு மணிக்குத் தொட்டித் தண்ணீரின் வெப்பம் 26.8. மூன்று நாள் கழித்து வெளியே 35 டிகிரிதான். அன்று அதே நான்கு மணிக்குத் தொட்டி 29.6. அதே தண்ணீர், அதே இரண்டு மின்விசிறிகள், அதே விளக்கு. வெயில் ஆறு டிகிரி குறைந்த நாளில் தண்ணீர் ஏறக்குறைய மூன்று டிகிரி கூடிவிட்டது. வெப்பமானி பழுதாகியிருக்கும் என்று இன்னொன்று வாங்கி வந்து போட்டேன். அதுவும் 29.6 காட்டியது.

அந்த முரண்பாட்டைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு கோடை முழுதும் பிடித்தது. வீட்டில் கடல்நீர்த் தொட்டி வைக்க நினைக்கிறவர்களிடம் நான் முதலில் சொல்வது அதைத்தான். ஆனால் தொட்டி எப்படி வந்தது என்பதைச் சொல்லிவிட்டு அங்கே வருகிறேன்.

எங்கள் வீடு திருவான்மியூரில் மூன்றாம் மாடி. கடற்கரை ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. 2016 தை மாதத்தில் தொட்டியை வைத்தேன். நீளம் மூன்றடி, அகலமும் உயரமும் ஒன்றரை அடி. அடியில் இருக்கும் சம்ப் என்னும் துணைத் தொட்டியையும் சேர்த்து, பாறையும் மணலும் பிடிக்கும் இடம் போகச் சுமார் 200 லிட்டர் தண்ணீர். கண்ணாடி, தாங்கி, பாறை எல்லாம் சேர்ந்தால் முந்நூறு கிலோவுக்கு மேல் போகும். அதனால் கூடத்தின் நடுவில் வைக்காமல், கீழே உத்தரம் ஓடுகிற சுவரை ஒட்டி வைத்தேன். மேற்கு வெயில் படாத சுவர் என்பதையும் பார்த்துக்கொண்டேன்.

கடல் இவ்வளவு பக்கத்தில் இருக்கும்போது உப்பை ஏன் காசு கொடுத்து வாங்க வேண்டும் என்று வீட்டில் கேட்டார்கள். கரையோரத் தண்ணீரில் என்ன கலந்திருக்கிறது என்பது ஒவ்வொரு நாளும் மாறும். வடகிழக்குப் பருவமழை பெய்தால் ஆற்றுத் தண்ணீர் கலந்து உப்பே குறைந்துவிடும். எனவே ஆர்.ஓ. தண்ணீரை இன்னொரு முறை அயனி நீக்கும் வடிகட்டியில் விட்டு, அதில் செயற்கைக் கடல் உப்பைக் கரைத்தேன். லிட்டருக்கு 35 கிராம் உப்பு என்பது கடலின் கணக்கு. ரிஃப்ராக்டோமீட்டரில் பார்த்தால் அடர்த்தி 1.025 அல்லது 1.026 காட்ட வேண்டும்.

கடலில் எடுத்த பவளப் பாறை கூடாது என்பதில் நான் மிகவும் பிடிவாதமாக இருந்தேன், இன்றும் இருக்கிறேன். கல்பவளங்கள், கடல்விசிறி, தீப்பவளம், குழல்பவளம், கருப்புப் பவளம் எல்லாம் 2001இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. கடற்குதிரையும் கடல் அட்டையும்கூட அப்படித்தான். புலிக்குத் தந்த காப்பை இவற்றுக்கும் தந்தார்கள். மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக் காளவாசலுக்காகப் பவளத்தை வெட்டி வெட்டியே விலாங்குசல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டு தீவுகள் நீருக்குள் போயின. அழகுக்காக ஒரு துண்டு எடுத்தாலும் அந்த வெட்டில் நமக்கும் பங்கு வந்துவிடும். என் தொட்டியில் இருப்பது சுட்ட மண்ணில் செய்த செயற்கைப் பாறை. அதன் நுண்துளைகளில் பாக்டீரியா குடியேறி, அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றத் தொடங்க ஐந்து வாரம் ஆயிற்று. அந்த ஐந்து வாரமும் தொட்டியில் ஓர் உயிர்கூடக் கிடையாது. வெறும் கல்லையும் தண்ணீரையும் பார்த்துக்கொண்டிருக்கும் பொறுமை இல்லாதவர் இந்த வேலையில் இறங்க வேண்டாம்.

பிறகு பூப்போல விரியும் பவள வகையான ஸோயாந்தஸ் கொத்துகள், காளான் பவளம், பொரிப்பகத்தில் பிறந்த கோமாளி மீன் இரண்டு. மண்டபத்தில் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தாரும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தாரும் கோமாளி மீனைக் குஞ்சு பொரிக்க வைத்து வளர்க்கும் முறையை வகுத்திருக்கிறார்கள். அதனால் கடலில் பிடித்த மீனைத் தேட வேண்டிய தேவை எனக்கு வரவில்லை.

தையிலும் மாசியிலும் தண்ணீர் தானாகவே 25, 26 டிகிரியில் நின்றது. குளிரூட்ட வேண்டியிருக்கும் என்ற எண்ணமே எழவில்லை. குளிர்மாதத்தில் தொட்டியைத் தொடங்குவதில் உள்ள ஆபத்து இதுதான். சித்திரை பிறந்ததும் 29. அக்கினி நட்சத்திரத்தில் 31.5.

ஸோயாந்தஸ் தன் உடலுக்குள்ளே குடியிருக்கும் ஒற்றைச்செல் பாசியோடு சேர்ந்து வாழ்கிறது. வெளிச்சத்தைக் கொண்டு பாசி உணவு சமைக்கும், அதில் பெரும்பங்கைப் பவளத்துக்குக் கொடுக்கும். வெப்பம் ஏறினால் அந்தச் சமையல் கெட்டுப் பாசியின் உடலில் நச்சு உண்டாகிறது. பவளம் பாசியை வெளியே தள்ளிவிடுகிறது. வெளுப்பது என்பது இதுதான். வெளுத்த பவளம் செத்துவிடவில்லை, பட்டினி கிடக்கிறது. சில வாரங்களுக்குள் தண்ணீர் குளிர்ந்தால் பாசி மறுபடி குடியேறும், இல்லாவிட்டால் இல்லை. இதோடு இன்னொன்றும் சேர்கிறது. 25 டிகிரியில் ஒரு லிட்டர் கடல்நீர் ஏறக்குறைய 6.8 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும். 30 டிகிரியில் அது 6.2 ஆகிவிடும். மீனின் உடல் இயக்கம் வேகமாகி மூச்சு அதிகம் தேவைப்படும் அதே நேரத்தில் தண்ணீரில் மூச்சு குறைகிறது.

அந்த 2016 மே மாதம் நான் ஒரு தவறு செய்தேன். ஒரு லிட்டர் பாட்டில்களில் தண்ணீர் அடைத்து உறையவைத்து, 31.5 காட்டிய மதியம் ஆறு பாட்டில்களை ஒரே தடவையில் சம்ப்பில் போட்டேன். ஒரு மணி நேரத்தில் தண்ணீர் மூன்று டிகிரி இறங்கியது. எனக்கு நிம்மதியாக இருந்தது. இரவுக்குள் மறுபடி 31. மறுநாளும் அதையே செய்தேன். நான்காம் நாள் காளான் பவளங்கள் பாறையிலிருந்து கழன்று மிதந்தன. ஸோயாந்தஸ் ஒரு கொத்து முழுதும் வெளுத்து மூடிக்கொண்டது, திறக்கவே இல்லை. சூட்டைவிட அந்த ஏற்ற இறக்கம்தான் அவற்றை வாட்டியது என்று இப்போது தெரிகிறது. ஒரு பாட்டில் 200 லிட்டரில் அரை டிகிரிக்குச் சற்று மேல்தான் இறக்கும். இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று என்று போட்டிருந்தால் போதும். அந்தக் கொத்தை இழந்தது இன்னும் எனக்கு உறுத்தலாக இருக்கிறது, ஏனென்றால் அதற்கு என்னைத் தவிர வேறு யாரும் காரணமில்லை.

அதே கோடையில் மன்னார் வளைகுடாவிலும் பவளங்கள் பெருமளவு வெளுத்தன. 1998, 2010 ஆண்டுகளுக்குப் பிறகு அங்கே வந்த பெரிய வெளுப்பு அது. தூத்துக்குடியின் சுகந்தி தேவதாசன் கடல் ஆய்வு நிறுவனத்தார் நீரில் மூழ்கிப் பார்த்துக் கணக்கெடுத்ததைப் பின்னால் படித்தேன். தொட்டிக்குள் ஒரு கொத்து வெளுத்ததைப் பார்த்தவனுக்கு, 21 தீவுகளைச் சுற்றிலும் அதே வெள்ளை எப்படியிருக்கும் என்பதை நினைக்காமல் அந்த அறிக்கையைப் படிக்க முடியவில்லை.

அடுத்த கோடைக்குள், குளிரவைப்பதற்கு முன் சூடு எங்கிருந்து வருகிறது என்று தேடினேன். முதல் குற்றவாளி தண்ணீருக்குள்ளேயே இருந்தது. மூழ்கியிருக்கும் 40 வாட் பம்ப் தின்னும் மின்சாரம் முழுதும் கடைசியில் வெப்பமாகத் தண்ணீரில்தான் சேரும். ஒரு நாளைக்குக் கணக்குப் போட்டால், அந்தச் சூடு வெளியேறவே வழியில்லை என்று வைத்துக்கொண்டால், 200 லிட்டரை நாலு டிகிரிக்கு மேல் ஏற்றப் போதும். அதை மாற்றி 15 வாட் டி.சி. பம்ப் போட்டேன். கண்ணாடி மூடியை எடுத்துவிட்டு, மீன் துள்ளி விழாதபடி வலை கட்டினேன். விளக்கு எரியும் நேரத்தைப் பகலிலிருந்து மாலை ஐந்து முதல் நள்ளிரவு ஒரு மணிவரை என்று தள்ளினேன். பவளத்துக்குத் தேவை எட்டு மணி நேர வெளிச்சம், அது எந்த எட்டு மணி என்பது அதற்கு முக்கியமில்லை. அலுவலகத்திலிருந்து வந்து உட்கார்ந்து பார்க்க எனக்கும் அதுவே வசதி.

அப்புறம் மின்விசிறி. தண்ணீர் மட்டத்தை உரசிக்கொண்டு காற்று போகும்படி இரண்டு சிறு விசிறிகள். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகப் போனால் மீதி 200 லிட்டர் ஏறக்குறைய மூன்று டிகிரி குளிரும். மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இப்படித்தான். என் தொட்டி கோடையில் நாளுக்கு நாலு லிட்டர் குடிக்கும். ஆவியாவது தண்ணீர் மட்டும், உப்பு அப்படியே நின்றுவிடும். ஆகவே நிரப்ப வேண்டியது உப்பில்லாத தண்ணீர். இதைக் கையால் செய்தால் ஒரு நாளாவது மறந்துபோகும். மிதவையோடு கூடிய தானியங்கி நிரப்பியைச் செலவு பாராமல் வாங்கிவிடுவது நல்லது.

இப்போது அந்த 41 டிகிரிக்கு வருகிறேன்.

ஒரு வெப்பமானியின் நுனியில் ஈரத்துணியைச் சுற்றி விசிறிக்கு முன்னால் கட்டித் தொங்கவிட்டேன். வெளியே 41 அடித்ததைப் போன்ற நாட்களில் அது 25 காட்டியது. புழுங்கும் நாட்களில் 28.5. எத்தனை விசிறி வைத்தாலும் தண்ணீர் அந்த ஈரத்துணியின் அளவுக்குக் கீழே இறங்காது. சென்னையில் 41 அடிக்கும் நாள் என்றால், மேற்கிலிருந்து வரும் காற்று நாள் முழுதும் கடற்காற்றை உள்ளே விடாமல் தடுத்த நாள். அந்தக் காற்றுக்குத் தமிழில் கோடை என்றே பெயர். நிலத்தின் மேல் நெடுந்தூரம் வந்து உலர்ந்த காற்று, ஈரத்தை ஆவலோடு வாங்கிக்கொள்ளும். கிழக்கிலிருந்து கொண்டல் வந்துவிட்டால் வெயில் 35க்கு இறங்கும், ஆனால் காற்று ஏற்கெனவே ஈரத்தால் நிரம்பியிருக்கும். தொட்டியிடமிருந்து அது எதையும் எடுத்துக்கொள்ளாது. மனிதர் நிம்மதியாக மூச்சுவிடும் நேரத்தில் தண்ணீர் சூடேறும்.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு வானிலைச் செய்தியில் நான் வெயிலின் அளவைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். ஈரப்பதத்தைத்தான் பார்ப்பேன். கோயம்புத்தூரிலோ மதுரையிலோ இருப்பவருக்கு விசிறி பெரும்பாலும் போதும் என்று நினைக்கிறேன். கடலோரத்தில் இருப்பவருக்கு மே, ஜூனில் போதாது. அறையில் ஏ.சி. ஓடினால் அது காற்றிலுள்ள ஈரத்தையும் எடுத்துவிடுவதால் விசிறி அற்புதமாக வேலை செய்யும். ஆனால் தொட்டிக்காக இருபத்துநாலு மணி நேரமும் ஏ.சி. ஓட்ட எங்களால் முடியாது.

2018இல் தண்ணீரைக் குளிரூட்டும் சில்லர் வாங்கினேன். அதற்கு முன் பழைய ஃபிரிட்ஜ் கம்ப்ரஸரில் செம்புக் குழாயைச் சுருட்டிச் செய்து தருவதாக ஒருவர் சொன்னார். விலை பாதிகூட இல்லை. அதை ஏற்காதது நான் செய்த சரியான முடிவுகளில் ஒன்று. உப்புநீர் செம்பை அரிக்கும், கரைந்த செம்பு சிறிதளவானாலும் முதுகெலும்பில்லா உயிர்களைக் கொன்றுவிடும். கடல்நீருக்கு டைட்டானியம் சுருள்தான் வேண்டும்.

கால் குதிரைத்திறன் சில்லரைத் தொட்டியின் தாங்கிக்குள்ளேயே, கதவுக்குப் பின்னால் வைத்தேன். பார்வைக்குச் சுத்தமாக இருந்தது. ஒரு வாரத்தில் கூடம் தாங்க முடியாத வெக்கையானது, சில்லரோ நிற்காமல் ஓடியது. எங்கள் வீட்டு ஏ.சி.யைப் பார்க்கும் மெக்கானிக் வந்து குனிந்து பார்த்தார்.

"சார், இது சூட்டை அழிக்கிற மெஷின் இல்ல. ஒரு எடத்துலேருந்து அள்ளி இன்னொரு எடத்துல கொட்டும். நீங்க கொட்டுற எடத்தையும் உள்ளேயே வச்சிருக்கீங்க."

சுவரில் இரண்டு துளை போட்டு, சில்லரைச் சமையலறைப் பக்கத்துச் சின்ன பால்கனிக்கு மாற்றிக் கொடுத்தார். அதன் பிறகு அது ஓடும் நேரம் பாதிக்கும் கீழே போயிற்று.

அதை 27இல் வைத்திருக்கிறேன். 28 ஆனால் ஓடும், 27க்கு வந்தால் நிற்கும். வெளிநாட்டுப் புத்தகங்கள் 25 என்கின்றன. குளிர்ந்த ஊரில் அது சரியாக இருக்கலாம். இங்கே 25இல் வைத்தால் மின்சாரம் போன நான்கு மணி நேரத்தில் தண்ணீர் நாலு டிகிரி ஏறும். பாட்டில்களைப் போட்டு நான் செய்ததைத்தான் அது தலைகீழாகச் செய்யும். நம் கடற்கரை உயிர்களுக்கு 27 பழக்கமான வெப்பம். அங்கே அசையாமல் நிற்பதுதான் அவற்றுக்குத் தேவை.

மின்வெட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2016 டிசம்பர் 12இல் வர்தா புயல் அடித்தபோது எங்கள் தெருவில் மூன்று நாள் மின்சாரம் இல்லை. பேட்டரியில் ஓடும் சிறு காற்று பம்ப் ஒன்றும், அதற்கு மாற்று பேட்டரிகளும் மட்டுமே கையில் இருந்தன. ஒரு மீனும் சாகவில்லை. டிசம்பர் மாதக் குளிர் தண்ணீரில் ஆக்சிஜனைப் பிடித்து வைத்ததால் பிழைத்தன. அதே மூன்று நாள் மே மாதத்தில் வந்திருந்தால் நினைக்கவே முடியவில்லை. அதன் பிறகு வீட்டு இன்வெர்ட்டரில், தண்ணீரைச் சுழற்றும் அலை பம்புக்கு மட்டும் தனி இணைப்பு இழுத்திருக்கிறேன். சில்லரை அது தாங்காது, தாங்கவும் வேண்டியதில்லை. சூட்டைச் சில மணி நேரம் பொறுத்துக்கொள்ளும் மீன், மூச்சில்லாமல் அரை மணி நேரம்கூடத் தாங்காது.

2016இல் பிழைத்த ஒரே ஸோயாந்தஸ் கொத்தில் அப்போது ஏழு பூக்கள் இருந்தன. இப்போது அது ஒரு பாறையை முழுக்க மூடியிருக்கிறது, எண்ணுவதை நிறுத்திவிட்டேன்.

கோடையில் மதியம் ஒன்றரை, இரண்டு மணிவாக்கில் கூடத்துத் திரைச்சீலை உப்பி எழும். அப்பா செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு நாற்காலியை ஜன்னல் பக்கம் இழுப்பார். "கடல்காத்து வந்துடுச்சுப்பா" என்பார். நான் தண்ணீரின் மேல் விரலை வைத்துப் பார்ப்பேன். கால் மணி நேரத்துக்குள் பால்கனியில் சில்லர் உறும ஆரம்பிக்கும்.