பெயர் எழுதாத கட்டம்

இங்கிலாந்தில் நாம் குடியிருந்த நாளில் அடுத்த வீட்டில் ஒரு முதியவர் வாழ்ந்தார். எண்பதைக் கடந்தவர்; கண்பார்வை மங்கியவர். தம் முன்னோர் டெவன் மாவட்டத்துக் காலிட்டன் என்னும் சிறு சந்தை நகரத்தார் என்பதும், தம் பாட்டனாரின் பாட்டனார் ஓர் இராணுவ அதிகாரியின் மகன் என்பதும் அவர் வழிவழியாகக் கேட்டறிந்த செய்திகள். "இனி என்னால் படிக்க இயலாது. நீங்கள் சென்று அந்த வரியைக் கண்டு வந்து சொல்லுங்கள்" என்று கேட்டுக்கொண்டார். அண்டை வீட்டாரின் வேண்டுகோள். தட்ட மனம் வரவில்லை.

காலிட்டன் பெரிய ஊர் அன்று. எண்கோண வடிவில் உச்சி அமைந்த கோபுரத்தோடு கூடிய தேவாலயமும், அதைச் சுற்றிய குறுகிய தெருக்களுமே ஊர். ஆயினும் மக்கள்தொகை வரலாறு பயில்வோர் அதனை அறிவர். தாமஸ் கிராம்வெல் 1538இல் இட்ட ஆணைப்படி, பாரிஷ் எனப்படும் ஒவ்வொரு தேவாலய வட்டமும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகிய மூன்றையும் ஏட்டில் பதியத் தொடங்கியது. பல ஊர்களில் தொடக்க ஏடுகள் அழிந்தொழிந்தன. காலிட்டனிலோ 1538 முதலே கிடைக்கின்றன. அவற்றைக் குடும்பம் குடும்பமாகக் கோத்து ஆராய்ந்த ரிக்லி என்னும் கேம்பிரிட்ஜ் அறிஞர், பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அவ்வூர்ப் பெண்கள் சராசரியாக முப்பதை நெருங்கிய வயதில்தான் முதல் மணம் புரிந்தனர் என்று 1966இல் எழுதினார். பால்ய விவாகமே பழைய உலகின் பொது வழக்கம் என எண்ணியிருந்த நமக்கு அது பெரும் வியப்பு.

எக்ஸிட்டர் நகரத்து ஆவணக் காப்பகத்தில் அமர்ந்தோம். கையெழுத்துக்குக் கண் பழகட்டும் என்று முதலில் பழைய பதிவுகளையே படித்தோம். 1645 நவம்பர் தொடங்கி ஓராண்டுக்குள் கொள்ளைநோய் ஊரில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவரைக் கொண்டுபோயிருந்தது. டிசம்பருக்குப் பின் வரும் ஜனவரியும் 1645 என்றே இருக்கக் கண்டு, எழுதியவர் தவறினார் என்று குறித்துக்கொண்டோம். தவறியவர் நாமே! 1752க்கு முன் இங்கிலாந்தில் ஆண்டு மார்ச் 25இல்தான் பிறந்தது. ஏட்டைத் திருத்தப் புகுமுன் நம் அறிவைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்பது அன்று கற்ற பாடம்.

பின்னர் வந்த வேலையைத் தொடங்கினோம். 1851ஆம் ஆண்டுக் குடிக்கணக்கு வயதையும் பிறந்த ஊரையும் கூறும். முதியவரின் மூதாதைக்கு அப்போது முப்பது வயது. பிறந்த ஊர் காலிட்டன். ஆகவே 1821ஐ ஒட்டிய ஞானஸ்நான ஏட்டைப் பார்த்தோம். 1813 முதல் இவ்வேடுகள் அச்சிட்ட படிவங்கள். பெற்றோர் பெயருக்கும், தந்தையின் தொழிலுக்கும் தனித்தனிக் கட்டங்கள் உண்டு. குழந்தையின் பெயர் இருந்தது. தாயின் பெயர் இருந்தது. தந்தையின் பெயர் இல்லை. தொழில் கட்டத்தில் "மணமாகாதவள்" என்று மட்டும் எழுதியிருந்தது.

மற்றொரு தாளும் கிடைத்தது. 1601ஆம் ஆண்டுச் சட்டப்படி ஏழைகளைப் பேணுவது அந்தந்தப் பாரிஷின் பொறுப்பு. தந்தை அறியாக் குழந்தை ஊராரின் வரிப்பணத்துக்குச் சுமை. எனவே இத்தகைய தாய்மாரை நீதிபதிமுன் நிறுத்தித் தந்தை யார் என்று விசாரித்து எழுதினர். பரிவினால் அன்று, பணத்தைக் காக்கவே. அத்தாளில் அந்தப் பெண் ஒரு பண்ணைக் கூலியாளின் பெயரைச் சொல்லியிருந்தாள். அடியில் கையெழுத்துக்குப் பதிலாக நடுங்கிய ஒரு பெருக்கல் குறி. அவள் தன் கையால் இட்டதாக நாம் கண்டது அது ஒன்றே.

திரும்பும் வழியெல்லாம் நம் மனம் தத்தளித்தது. எண்பது ஆண்டுகள் ஒருவர் போற்றிய பெருமையை ஒரு தாளால் கலைக்கலாமா? "கிடைக்கவில்லை" என்று கூறிவிடலாமே! ஆனால் அவர் தம் கண்களையன்றோ நம்மிடம் ஒப்படைத்தார்? அது அமானிதம். உள்ளதைக் கூட்டுதல் போலவே குறைத்தலும் மோசடியே என்று முடிவு செய்து, கண்டபடியே சொன்னோம்.

முதியவர் நெடுநேரம் பேசவில்லை. நாம் எழுந்துவிடலாமா என்று எண்ணினோம். அப்போது அவர், "அந்தத் தாயின் பெயரை மீண்டும் ஒருமுறை சொல்லுங்கள்" என்றார். சொன்னோம்.

"அப்படியானால் என் குடும்பப் பெயர் எந்த அதிகாரியுடையதும் அன்று. அவளுடையது. இத்தனை காலமும் அவள் பெயரைத்தான் நான் சுமந்திருக்கிறேன்" என்றார் மெதுவாக. பிறகு, குடும்ப வமிசாவளி வரைந்த தாளை எடுத்துவரச் சொன்னார். அதன் தலைப்பிலிருந்த இராணுவ அதிகாரியை நம் கையாலேயே அடிக்கச் செய்து, அவ்விடத்தில் அவள் பெயரை எழுதச் சொன்னார். பண்ணைக் கூலியாளின் பெயரையும் பக்கத்தில் எழுதவைத்தார்.

எழுதி முடித்ததும் அந்த இடத்தைத் தம் விரலால் ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டார்.